மூன்றாவது புத்தகம்

செயலாளர் கடைக்குள் நுழைந்தபோது அவள் ஜெராக்ஸ் இயந்திரத்தின் வயிற்றுக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தாள். காலையிலிருந்து மூன்றாவது முறையாகத் தாள் சிக்கியிருந்தது. மழைக்காலம் வந்தால் தாளுக்கெல்லாம் ஈரம் ஏறிவிடும். ஒன்று போகவேண்டிய இடத்தில் இரண்டு ஒட்டிக்கொண்டு போய் உருளையில் சுருண்டு உட்கார்ந்துகொள்ளும். கிழியாமல் இழுக்க வேண்டும். துண்டு உள்ளே தங்கிவிட்டால் மெக்கானிக் வரும்வரை கடை சும்மா கிடக்கும். வெளியே ஆறு பேர், ஆளுக்கொரு அவசரத்தோடு, குடையை மடக்கியும் மடக்காமலும் நின்றிருந்தார்கள்.

"அண்ணி, கையை வெளிய எடுங்க. நல்ல சேதி!"

"நல்ல சேதின்னா ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கும். இந்தத் தாள் பொறுக்காது."

செயலாளருக்குத் தொழில் இன்ஷூரன்ஸ். ஆனால் உயிர் என்னவோ எழுத்தாளர் வட்டத்தில்தான். பதினைந்து வருடமாக அவர்தான் செயலாளர். மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, டயர் கடை மாடியில், வந்த நாலு பேருக்கு டீ வாங்கிக் கொடுத்துக் கூட்டம் நடத்துகிறவர். மழையில் நனையாமலிருக்க சட்டைக்குள் வைத்திருந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு மெல்லிய புத்தகம். சாம்பல் நிற அட்டை. 'ஈரக் கதவு' என்று தலைப்பு. அதற்கு மேலே, தலைப்பைவிடப் பெரிய எழுத்தில், அவள் புருஷனின் பெயர்.

அவள் டோனர் கறுப்பைத் துணியில் துடைத்தாள். "இது எப்ப எழுதினது? எனக்குத் தெரியாதே."

"நல்லா இருக்கு போங்க. நீங்கதானே அண்ணி கையில கொடுத்தீங்க! உங்களுக்கும் அண்ணனுக்கும் ஆச்சரியமா இருக்கட்டும்னுதான் மூச்சு விடல. வர்ற ஞாயிறு வெளியீடு. அண்ணன் ரெண்டு வார்த்தை பேசணும்."

அவள் முதல் பக்கத்தைப் பிரித்தாள்.

கதவு — ஈரம்
சாவி — சாவி
சாவி — அம்மா
குடை — நேத்து வந்தது

ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரு 'சரி' குறியோ, ஒரு 'தப்பு' குறியோ, அழகாக அச்சாகியிருந்தது.

 இது கவிதை இல்லை. இது ஆஸ்பத்திரி நோட்டு.

ஏழு மாதத்துக்கு முன்னால், வேலை பார்த்த லாரி எடைமேடையில், இரண்டு லாரிக்கு நடுவே, உட்கார்ந்த நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார் அவர். வலது கையும் காலும் போயின; பேச்சும் போயிற்று. கால் மட்டும் தாங்கித் தாங்கித் திரும்பி வந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி. சொல்லிக் கொடுக்கிற பெண்ணை வீட்டில் எல்லோரும் 'பேச்சு டீச்சர்' என்பார்கள். டீச்சர் ஒரு படத்தைக் காட்டிப் பெயரைத் தானே எழுதி வைப்பாள். பிறகு படத்தை மட்டும் காட்டுவாள். இவர் இடது கையால் எதிரில் எழுத வேண்டும். சரியாக எழுதினால் சிவப்பு மையில் ஒரு டிக், இல்லாவிட்டால் ஒரு பெருக்கல் குறி. கதவைப் பார்ப்பார், கதவென்று தெரியும், கை 'ஈரம்' என்று எழுதும். எழுதியதைப் பார்த்துவிட்டுத் தானே தலையில் அடித்துக்கொள்வார்.

ஃபைலில் வைக்க டீச்சர் கேட்ட பக்கங்களை அவள்தான் கடையில் காப்பி எடுப்பாள். ஒருநாள் கூட்ட அறிவிப்பை ஜெராக்ஸ் எடுக்க வந்த செயலாளர், தட்டில் கிடந்த தாள்களைப் பார்த்துவிட்டார். "அண்ணன் எழுதறாரா!" என்று கேட்டபோது அவர் முகத்தில் விளக்குப் போட்டதுபோல் இருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். கவுண்டரில் கூட்டம் என்று பிற்பாடு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நிஜம் அதுவல்ல. 'கைதான் கொஞ்சம் வரல, மத்தபடி நல்லா இருக்கார்' என்றே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அவரைப் பற்றி அந்தக் குரலில் யாராவது கேட்டு எத்தனை மாதமாகிறது! "நீங்களே படிச்சுப் பாருங்க" என்று அந்தக் காப்பியைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

"அண்ணி, என்ன, பேச்சையே காணோம்? சந்தோஷமா?"

"அக்கா, என்னோடது நாலு காப்பி, ரெண்டு பக்கமும்" என்றது வெளியிலிருந்து ஒரு குரல்.

அவள் நாலு காப்பி எடுக்கப் போனாள். ஒன்றுகூட நேராக வரவில்லை.

*

முப்பது வருடம் எடைமேடையில் லாரிகளை எடை போட்டவர் எழுதியது மொத்தம் இரண்டே புத்தகம். இரண்டையும் சேர்த்து வைத்தாலும் ஒரு விரல் கனம் வராது. வீட்டில் அவர் கவிதை எழுதுகிறார் என்றால் எல்லோரும் விலகி நடப்பார்கள். ஒன்பது வரிக்கு இரண்டு வருடம் எடுத்துக்கொண்டவர் அவர். 'அந்த' என்று போடுவதா 'அது' என்று போடுவதா என்று சாப்பாட்டுத் தட்டிலிருந்து பாதியில் எழுந்து போய்விடுவார். பிடிக்காத தாளைக் கிழிக்கமாட்டார். கிழித்தால் யாராவது ஒட்டிப் படித்துவிடுவார்களாம். வாளித் தண்ணீரில் ஊறப்போடுவார். துணி துவைக்கப் போனால் வாளியில் கூழாக ஏதோ மிதக்கும். "இன்னைக்கு எத்தனை கவிதை குளிக்குது?" என்று கேட்பாள் அவள். அவர் சிரிப்பார்.

இரண்டாவது புத்தகம் வந்தபோதுதான் அவர் பெயர் வெளியே தெரிந்தது. அதில் லாரி எண், வெறும் வண்டி எடை, சரக்கோடு எடை, அதன் கீழே ஒரே ஒரு சொல். அவ்வளவுதான். பக்கத்துக்குப் பக்கம் இப்படியே. அதன் வெளியீட்டுக் கூட்டத்தில் யாரோ அவளைப் பேசச் சொல்ல, அவள் எழுந்து, "எங்க வீட்டுக்காரர் ஆபீஸ் ரிஜிஸ்டரை அப்படியே அச்சடிச்சுட்டார். மேனேஜர் வந்து கேட்டா நான் பொறுப்பில்ல" என்றாள். மாடியே குலுங்கியது. அவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு எழுந்து சொன்னார்: "எழுதினவன் சொல்றதையும் கேக்காதீங்க, அவன் பொண்டாட்டி சொல்றதையும் கேக்காதீங்க. தாள்ல என்ன இருக்கோ அதைப் படிங்க."

செயலாளர் அதை அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டிவிட்டார்.

*

செயலாளர் கடைக்கு வந்த அன்று சாயங்காலம் புத்தகத்தை அவர் மடியில் வைத்தாள். மகள் செல்போன் கடை வேலையிலிருந்து அப்போதுதான் வந்து, பாலில் ஊறிய ரொட்டியை அவருக்குக் கரண்டியால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் அட்டையைப் பார்த்தார். திருப்பினார். இரண்டாவது பக்கத்தில் கை நின்றுவிட்டது. வாயிலிருந்த ரொட்டி மோவாயில் வழிந்தது.

"லோடு" என்றார்.

அந்த ஒரு சொல்தான் அவருக்கு மிச்சமிருந்தது. பசித்தாலும் லோடு, வலித்தாலும் லோடு. இழுத்துச் சொன்னால் ஒன்று, வெட்டிச் சொன்னால் வேறொன்று. இப்போது சொன்னது இதுவரை கேட்காதது.

"அப்பா, அப்பா, பதறாதீங்க. இருங்க." மகள் சிலேட்டை எடுத்து இரண்டு வரி எழுதினாள். மேலே 'புத்தகம் வரட்டும்'. கீழே 'நிறுத்தணும்'. அவர் விரல் கீழ் வரியில் போய்க் குத்தியது. மறுபடி குத்தியது. சிலேட்டு நழுவி விழுகிறவரை குத்தியது.

"அம்மா, போனைப் போடு. இப்பவே."

அவள் போட்டாள். ஸ்பீக்கரில் செயலாளரின் குரல் குதித்தது.

"அண்ணி! அண்ணன் பார்த்துட்டாரா?"

"பார்த்தார். வேணாங்கறார். நிறுத்திடுங்க."

"ஹா! எனக்குத் தெரியும். ரெண்டாவது புத்தகத்துக்கு என்ன பண்ணினார்? பிரஸ் வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, நிறுத்துய்யா, எல்லாம் குப்பைன்னார். பொறந்ததுக்கப்புறம் குழந்தையை மாத்த முடியுமா?"

"அதில்ல. அது கவிதையே இல்ல. ஆஸ்பத்திரி நோட்டு."

"தெரியுமே அண்ணி. ஆஸ்பத்திரியில இருந்தப்ப எழுதினதுன்னு பின்னட்டையிலயே போட்டிருக்கோமே, பார்க்கலையா?"

"அய்யோ, கேளுங்களேன். டீச்சர் படம் காட்டுவாங்க. இவர் பேர் எழுதணும். தப்புத் தப்பா எழுதறார். அவ்வளவுதான்."

 "எப்பேர்ப்பட்ட ஐடியா!" என்றார் செயலாளர் மெதுவாக. "ஞாயித்துக்கிழமை பேசப் போற பேராசிரியர்கிட்ட இதைச் சொல்லணும்."

மகள் போனைப் பிடுங்கி அணைத்தாள். "இந்த ஆளை என்ன பண்றது?"

அவர் தன் நெஞ்சில் இடது கையால் தட்டினார். பிறகு வாசலைக் காட்டினார். நானே வந்து சொல்கிறேன் என்று.

*

பேச்சு டீச்சர் ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தாள். சொல் வராவிட்டால் தொடையில் தாளம் தட்டி, ராகமாக இழுத்துப் பார்க்க வேண்டும். சில சமயம் அந்த வழியாக வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைக்கு இருந்த நாலு நாளும் கடையை மத்தியானத்தோடு பூட்டிவிட்டு அவள் அவர் எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். மகள் சின்னதாக ஒரு வாக்கியம் போட்டுக் கொடுத்தாள்: 'இது வீட்டுப்பாடம்.'

"இ… து… வீட்… டுப்… பா… டம்." அவள் அவர் தொடையில் தட்டினாள்.

"லோடு."

"லோடு இறங்கிடுச்சு. அடுத்த வண்டி. இ… து…"

முதல் நாள் உதடு மட்டும் குவிந்தது. இரண்டாம் நாள் 'வீ' வந்தது. மூன்றாம் நாள் அவர் கோபத்தில் முக்காலியை உதைத்தார். அவளும் பதிலுக்கு, "முப்பது வருஷம் எனக்குப் புரியாத வார்த்தையா எழுதினீங்கல்ல, இப்ப எனக்குப் புரியற ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க பார்ப்போம்" என்று கத்திவிட்டு, சமையலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஞாயிற்றுக்கிழமை காலை, சட்டைப் பொத்தானை அவள் போட்டுவிடும்போது, அவராகவே தொடையில் தட்டிக்கொண்டு, மூச்சுப் பிடித்து, "இது… வீட்டு… பாடம்" என்றார்.

மகள் கைதட்டினாள். அவள் கடைசிப் பொத்தானைப் போட மறந்தாள்.

*

டயர் கடை ஞாயிற்றுக்கிழமையும் பாதித் திறந்திருக்கும். காற்றடிக்கிற மோட்டார் நிமிஷத்துக்கொரு தரம் உறுமி அடங்கும். ரப்பர் வாசனை படியேறி மாடி முழுக்க நிற்கும். ஒடுக்கமான இருபத்திரண்டு படி. அவள் முன்னாலிருந்து இழுக்க, மகள் பின்னாலிருந்து தாங்க, அவரை மேலே கொண்டுவந்தபோது மூன்று பேருக்கும் மூச்சு வாங்கியது.

நாலு பேர் வருகிற கூட்டத்துக்கு அறுபது பேர் வந்திருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி போதாமல் ஜன்னல் திண்டிலும் ஆள். ஒவ்வொருவர் கையிலும் சாம்பல் நிறப் புத்தகம். அவரைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவருக்காக ஒரு கூட்டம் எழுந்து நின்று அவள் பார்த்ததில்லை. ஒரு விநாடி நெஞ்சு நிறைந்துதான் போயிற்று. அந்த ஒரு விநாடிக்காகப் பின்னால் ரொம்ப நாள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

முதலில் பேராசிரியர் பேசினார். தொண்டை செருமிக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நாற்பது நிமிடம்.

"கதவு, ஈரம். நடுவுல ஒரு சின்னக் கோடு. அந்தக் கோட்டுல எத்தனை வருஷ மழை நிக்குதுன்னு யோசிச்சுப் பாருங்க! அதைவிட, ஓரத்துல இருக்கிற சரி, தப்பு. தான் எழுதின வரிக்குத் தானே தப்புப் போட்டுக்கிற தைரியம் இதுக்கு முன்னாடி யாருக்காவது இருந்திருக்கா?"

"டீச்சர் போட்டது" என்றாள் மகள், பல்லைக் கடித்துக்கொண்டு, பக்கத்தில் கேட்கும்படி. பக்கத்தில் இருந்தவர் புன்னகையோடு தலையாட்டினார்.

பிறகு ஒரு பெண் எழுந்தாள். தையல்காரி, பிளவுஸ் அளவுப் பட்டியலை ஜெராக்ஸ் எடுக்க அவள் கடைக்கு வருகிறவள்தான். "எனக்குப் பேசத் தெரியாது. ஐயாவோட முன்ன வந்த ரெண்டு புத்தகமும் வாங்கினேன், ஒண்ணும் புரியல. இது புரிஞ்சுது. எங்கம்மா கடைசியில என் பேரு மறந்துபோய், என்னைப் பார்த்து 'பூட்டு'ன்னுதான் கூப்பிட்டாங்க. சாவின்னு எழுதி எதிர்ல அம்மான்னு போட்டிருக்கீங்க பாருங்க, அதைப் படிச்சுட்டு அன்னைக்கு மெஷின்ல உக்கார முடியல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் தையல்காரியையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் ஊறப்போட்டு ஊறப்போட்டு எழுதியது தொடாத ஓரிடத்தை, கைதவறி விழுந்த ஒன்று தொட்டுவிட்டது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகத்தில் இருந்தது கோபமாக இருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"இப்போது அண்ணன் பேசுவார்" என்றார் செயலாளர்.

மைக்கை அவர் வாய்க்கு நேராகத் தாழ்த்தினார்கள். கீழே மோட்டார் உறுமி அடங்கியது.

"லோடு" என்றார் அவர்.

 பேராசிரியர் பேனாவைத் திறந்தார்.

"லோடு. லோடு…" நெற்றியில் நரம்பு புடைத்தது. அவள் இரண்டாவது வரிசையிலிருந்து தன் தொடையில் தட்டிக் காட்டினாள். அவர் பார்த்தார். தன் தொடையில் தட்டத் தொடங்கினார். மைக்கில் அது கதவு தட்டுகிற மாதிரி கேட்டது. அறுபது பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு அந்தத் தட்டலைக் கேட்டார்கள்.

"இ… து…"

வா, வா, வா என்றாள் அவள் மனசுக்குள்.

"வீ… ட்டுப்… பா… டம்."

வந்துவிட்டது! முழுசாக, ஒரு எழுத்துக் குறையாமல்! மகள் அவள் கையைப் பிடித்து நசுக்கினாள். அவர் புத்தகத்தை இடது கையால் தூக்கிக் காட்டி, இன்னொரு தரம், இன்னும் தெளிவாகச் சொன்னார்: "இது வீட்டுப்பாடம்."

 பிறகு கைதட்டல் ஆரம்பித்தது. முன் வரிசையில் தொடங்கி ஜன்னல் திண்டு வரை போய், கூரைத் தகரத்தில் மோதித் திரும்பியது. "ஆஹா!" என்றார் பேராசிரியர், எழுதிக்கொண்டே. "ஒரே வரியில தன்னோட மொத்தக் கவிதையையும் சொல்லிட்டார்."

அவர் புத்தகத்தைப் பிடித்த கையைக் கீழே போடவில்லை. அப்படியே நின்றார்.

அவள் எழுந்தாள். எப்படி மைக்குக்குப் போனாள் என்று தெரியாது.

"எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்க. இவருக்குப் பேச்சு வரல. ஏழு மாசமா வரல. நான்தான் வெளிய சொல்லாம மறைச்சுட்டேன். இது டீச்சர் கொடுத்த பயிற்சி. கதவுன்னு எழுத வரல, அதான் ஈரம்னு எழுதியிருக்கார். அம்மாவும் இல்ல, மழையும் இல்ல. தப்பு. வெறும் தப்பு. இந்த ஒரு வரியைச் சொல்றதுக்கு நாலு நாள் ஆச்சு எங்களுக்கு. தயவு செஞ்சு இதை இவர் பேர்ல விக்காதீங்க."

 யாரோ ஒருவர் மெல்லச் சிரித்தார். கேலியாக இல்லை, பிரியமாகத்தான். "போன தடவை ரிஜிஸ்டர்னாங்க, இந்தத் தடவை வீட்டுப்பாடம்ங்கறாங்க. அக்கா மாறவே இல்ல!" சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. பேராசிரியர் சுவரைக் காட்டினார். சுவரில் அட்டை தொங்கியது. அவள் புருஷன் அன்று சொல்லி, செயலாளர் எழுதி மாட்டிய வாக்கியம். எழுதினவன் சொல்றதையும் கேக்காதீங்க, அவன் பொண்டாட்டி சொல்றதையும்.

"நான் சத்தியமா சொல்றேன்" என்றாள் அவள். கைதட்டினார்கள்.

செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவளை மைக்கிலிருந்து மெல்ல நகர்த்தி, ஓரமாக அழைத்துப் போனார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"நிஜமாவா அண்ணி?"

"உங்ககிட்ட போன்லயே சொன்னேனே."

"சொன்னீங்க." அவர் தரையைப் பார்த்தார். "நான் எழுத ஆரம்பிச்சு இருபத்தஞ்சு வருஷம். அண்ணன் மாதிரி ஒரு வரி வராதான்னுதான் இந்த வட்டத்தையே நடத்தறேன். இந்தப் புத்தகத்தைப் படிச்ச அன்னைக்குத் தூங்கல. நல்லா இருக்கு அண்ணி. தப்பாவே இருக்கட்டும், நல்லா இருக்கே. இதை நான் எப்படி இல்லன்னு சொல்றது? அந்தத் தையல்காரம்மாகிட்ட போய் என்னன்னு சொல்றது?"

 அந்தப் பெண்ணிடம் போய், உன் அழுகை தப்பு என்று சொல்ல அவளாலும் முடியாது.

திரும்பிப் பார்த்தபோது, அவரைச் சுற்றிக் கூட்டம் வரிசையாக நின்றிருந்தது. கையெழுத்து வாங்க. மேசையின் பின்னால் அவரை உட்கார வைத்து இடது கையில் பேனாவையும் கொடுத்திருந்தார்கள். முதலில் நின்றது தையல்காரி. புத்தகத்தை நீட்டினாள். அவர் உள் பக்கத்தைத் திறக்கவில்லை. அட்டையிலேயே பேனாவை வைத்து, தன் பெயரின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒரு கோடு இழுத்தார். புத்தகம் மேசையில் வழுக்கிக்கொண்டு போனது. கோடு பாதியில் நின்றது. மறுபடி இழுத்தார். மறுபடி வழுக்கியது. வலது கை மடியில் கிடந்தது. பிடித்துக்கொள்ள அதற்கு வராது.

"பேரை அடிக்கறார் பாரு!" என்றார் வரிசையில் ஒருவர், மரியாதையோடு தணிந்த குரலில். பின்னாலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வரிசை இன்னும் நீண்டது.

"அப்பா, வேணாம், வாங்க போலாம்" என்றாள் மகள். 

அவர் வரவில்லை. தலையை உயர்த்தி மனைவியைப் பார்த்தார். 

அவள் போய் அவர் பக்கத்தில் நின்றாள். தையல்காரியின் புத்தகத்தின் மேல் இரண்டு கையையும் வைத்து, நகராமல் அழுத்திப் பிடித்தாள். அவர் கோட்டை முடித்தார். தையல்காரி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க ஐயா" என்று போனாள். அடுத்தது வந்தது. பிடித்தாள். அடித்தார். அடுத்தது. சிலர் காலைத் தொடுவதுபோல் குனிந்தார்கள். ஒருவர் செல்போனில் படம் எடுத்தார். பேராசிரியர் இரண்டு பிரதி நீட்டினார்.

வரிசை தீரும்போது வெளியே மழை வலுத்திருந்தது. அவர் விரல்கள் பேனாவைவிட்டுப் பிரியவில்லை. செயலாளர் தயங்கித் தயங்கி வந்து மேசைக்கு முன்னால் நின்றார்.

"அண்ணி… பிரஸ்லேர்ந்து வந்த மிச்சம் நூத்தி நாப்பது காப்பி கீழ என் வண்டியில இருக்கு."

அவர் செயலாளரைப் பார்த்தார். பிறகு அவளை.

"மேல எடுத்துட்டு வாங்க" என்றாள் அவள்.

செயலாளர் படியிறங்கி நனைந்துகொண்டே போய், ஐந்து கட்டுகளாக ஏற்றிக்கொண்டு வந்தார். அவள் முதல் கட்டின் சணலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மேலே இருந்த புத்தகத்தை எடுத்து, அவர் முன்னால் வைத்து, பெயர் அசையாமல் பிடித்துக்கொண்டாள்.